விட்டால் பதிந்துவிடும்

எண்பதுகளின் கடைசியில் உத்திரமேரூர்ப் பட்டுச்சேலைக் கடை ஒன்றுக்குப் புரோகிராம் எழுதினேன். திரையில் ஒரு பக்கம் நெய்யவேண்டிய புட்டா உருவங்கள், மறுபக்கம் சேலை. மாங்காய்ப் புட்டாவின் மேல் மவுஸ் பட்டனை அழுத்திப் பிடித்து, இழுத்துப்போய்ச் சேலைமேல் விட்டால் அங்கே பதிந்துவிடும். கேட்க எளிது. மாங்காய் போன தடமெல்லாம் கறை விழாமல் நகர வைக்க இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது.

டிசைன் போடும் அக்கா சாயங்காலத்துக்குள் ஒரு சேலையைத் திரையில் முடித்தால் புரோகிராமைக் கம்ப்யூட்டரோடு வாங்குவதாக முதலாளி சொல்லிவிட்டார். இல்லையென்றால் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறவேண்டியதுதான். சென்னையில் என் வேலையும் போய்விடும்.

அக்கா மாங்காயை இழுத்தார். பாதியில் நின்றார்.

"இன்னா சார், மேசை முடிஞ்சிபோச்சே. உன் வண்டி இனிமே எப்டி போவும்?"

"பட்டனை விடாம மவுஸைத் தூக்கி இந்தப் பக்கம் வைங்கக்கா."

ஒருவழியாகச் சேலைக்குக் கொண்டுபோய் விட்டார். எழுந்து வாசற்படிவரை போய்த் திரையைப் பார்த்தார்.

"ரெண்டு இழை தள்ளி வைக்கணும்."

"முடியாது. விட்டா பதிஞ்சிடும். அழிச்சா மொத்த சேலையும் போயிடும்."

"பாக்கத்தானே வுட்டேன்."

"பாத்துட்டு விடுங்க."

"துணிக்கடையில ஒடம்பு மேல வச்சிப் பாத்ததுமே உனக்குச் சட்டை தச்சிடுவாங்களா சார்?"

முதலாளி சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மேசையிலேயே அக்காவின் கிராஃப் தாள் கிடந்தது. அதன்மேல் வெட்டிய காகித மாங்காய்கள். காலையில் கம்ப்யூட்டரை மாட்டும்போது பார்த்திருந்தேன்: ஒன்றை வைப்பார், கையை எடுப்பார், தள்ளி நின்று பார்ப்பார், அப்புறம்தான் பென்சில் கோடு. அவர் வேலை செய்வதை அதற்குமுன் ஒருநாள்கூட வந்து பார்க்காமல் புரோகிராம் எழுதியிருக்கிறேன். மடத்தனம்.

சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து மாற்றினேன். விட்டால் மாங்காய் வெறும் கோடாக அங்கே நிற்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்து நகர்த்தலாம். மவுஸின் இன்னொரு பட்டனை அழுத்தினால்தான் நிறத்தோடு பதியும்.

மூன்று மணிக்கு அக்கா மறுபடி வைத்தார், விட்டார், வாசற்படிக்குப் போனார். நான் திரையை முட்டுகிற மாதிரி நின்றேன்.

"இப்ப சரியாக்கா?"

"இன்னா தெரியும்? நீதான் மறைச்சிக்கினு கீறியே."

நகர்ந்தேன். வந்து இரண்டு இழை தள்ளி வைத்து, இன்னொரு பட்டனை அழுத்தினார். அதன்பிறகு என்னிடம் ஒன்றும் கேட்காமல் ஐந்தரைக்குள் சேலையை முடித்தார்.

ஆறு மணி பஸ்ஸில் வெறுங்கையோடு ஏறினேன்.