பக்கத்து சீட்டில் பிரேக் இல்லை

பிரேக்கம்மா என்று தனக்கு ஒரு பட்டப்பெயர் இருப்பது அவளுக்குத் தெரியாது என்றுதான் மாணவர்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது நன்றாகவே தெரியும். கேட்டும் கேட்காத மாதிரி இருந்தாள், அவ்வளவுதான். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

எழுதுபொருள் கடைக்கு மேல்மாடியில் டிரைவிங் ஸ்கூல். ஏறிப்போனால் ஒரே அறை. சுவர் முழுக்கப் போக்குவரத்துக் குறிகள், மூலையில் பாதியாக அறுத்து வைத்த எஞ்சின், அதன்மேல் யாரோ காயப்போட்டு மறந்த குடை. கீழே தெருவோரம் ஸ்கூல் கார் நிற்கும். அதில் பக்கத்து சீட்டுக்கும் தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச். இருபத்தோரு வருஷமாக அவளுடைய ராஜ்யம் அந்தப் பக்கத்து சீட்தான். ஸ்டியரிங் மாணவன் கையில், உயிர் அவள் காலில். மாணவன் தப்பு செய்யலாமா என்று யோசிப்பதற்குள்ளேயே அவள் பிரேக்கை மிதித்திருப்பாள். எத்தனையோ பேரை ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் காப்பாற்றிய கால் அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அந்தக் காலுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. டிவியில் கார் வேகமாகப் போனால் சோபாவில் உட்கார்ந்தபடியே டீப்பாயை மிதிப்பாள். பஸ்ஸில் முன் சீட் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டாள். டிரைவரைவிட அவளுக்குத்தான் அதிகம் வியர்க்கும். ராத்திரி தூக்கத்தில் அவள் போடும் பிரேக்குக்குப் பயந்து கணவர் கட்டிலின் ஓரமாகப் படுக்கப் பழகியிருந்தார்.

கணவர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்துக் கண்ணாடி வெட்டித் தருகிறவர். சாந்தமான மனிதர். நாள் முழுக்க "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக் கேட்டு, வீட்டிலும் குரல் உயராது. அவர் கோபப்பட்டு அவள் பார்த்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அன்றும்கூட அவர் வாயைத் திறக்கவில்லை.

அது பதினாறு வருஷத்துக்கு முந்தைய கதை. அவருக்கு ஓட்டக் கற்றுத்தருகிறேன் என்று ஆசையாக ஆரம்பித்தாள். பத்து நாள் எப்படியோ ஓடியது. பதினோராம் நாள் அவர் கடை இருக்கும் தெருவிலேயே ஒன்பது முறை பிரேக் போட்டாள். ஒன்பதாவது முறை கார் நின்ற இடம் சரியாகக் கடை வாசல். முதலாளி, கூட வேலை செய்பவர்கள், இரண்டு வாடிக்கையாளர்கள், எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவள் ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுத் தர்றவருக்கு முன்னாடி நிக்கிற வண்டி தெரியலையாம்!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவர் எஞ்சினை அணைத்து, சாவியை அவள் மடியில் வைத்து, இறங்கி, நடந்து, பஸ் ஸ்டாப்பில் போய் நின்றார். அன்றிலிருந்து பஸ்தான். அவள் இருக்கும் காரில் பின் சீட்டில்கூட ஏறியதில்லை. குடும்பத்தோடு எங்காவது போனால் அவள் ஸ்கூல் காரில் போய்ச் சேர்ந்து, அரை மணி நேரம் கழித்து வரும் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பாள். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. மன்னிப்புக் கேட்க அவளுக்கும் நா எழவில்லை. தள்ளிப்போடப் போட, அது பெரிதாகிக்கொண்டே போனது.

இப்போது ஐம்பது வயதை நெருங்கும்போது முதல்முதலாகச் சொந்தமாக ஒரு வண்டி வாங்கினாள். குட்டி எஸ்யூவி, செங்கல் நிறம். வாங்கிய கையோடு அவரிடம், "ஒரே ஒரு தடவை என்கூட வாங்க. ஞாயித்துக்கிழமை பழைய கல்குவாரியில மண்பாதையில வண்டி ஓட்டறதுக்கு வகுப்பு இருக்கு. டிராஃபிக் கிடையாது, ஆள் கிடையாது, மிதிக்க எனக்கு ஒண்ணுமே இருக்காது" என்றாள்.

அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "ஒரே ஒரு தடவைதானே?" என்றார்.

"ஒரே தடவை. பிடிக்கலைன்னா அப்புறம் கேக்கவே மாட்டேன்."

சொன்ன பிறகுதான் தான் எதைப் பணயம் வைத்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை சொதப்பினால் இந்த மனுஷன் ஆயுசுக்கும் பஸ்தான்.

ஞாயிறு காலை அவர் வண்டியில் ஏறுவதற்கு முன் கடை டார்ச்சை எடுத்து, குனிந்து, பக்கத்து சீட்டின் கீழே நன்றாக அடித்துப் பார்த்தார். பெடல் ஏதும் இல்லை என்று உறுதியான பிறகே உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. இது அவள் சரித்திரத்திலேயே பெரிய சாதனை.

குவாரியில் வகுப்பு எடுத்தவர் ஒரு பல் டாக்டர். வாரத்தில் ஆறு நாள் பல், ஏழாவது நாள் பாறை. கழுத்தில் விசில், தலையில் அகலத் தொப்பி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இவளிடம்தான் ஓட்டக் கற்றிருந்தார். இவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் பரவியது. அது அவ்வளவு நல்ல சந்தோஷம் இல்லை.

"வாங்க மேடம். முதல்ல நாலு டயர்லயும் காத்தைக் குறைப்போம்."

"காத்தைக் குறைக்கணுமா? நான் உங்களுக்கு என்ன சொல்லிக்குடுத்தேன்?"

"அது ரோட்டுக்கு மேடம். டயர் கொஞ்சம் தொளதொளன்னு இருந்தாத்தான் கல்லைப் பிடிச்சுக்கும். அப்புறம், கட்டை விரலை ஸ்டியரிங்குக்கு உள்ள விடாதீங்க. குழியில சக்கரம் திரும்பினா விரல் போயிரும்."

அவள் இருபத்தோரு வருஷமாக எதையெல்லாம் செய் என்று தொண்டை கிழியக் கத்தினாளோ, அதையெல்லாம் செய்யாதீர்கள் என்று அவர் ஒவ்வொன்றாக அடுக்கினார். அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் முதல் அரை மணி நேரம் நன்றாகவே போனது. சேறு, மேடு, ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும் குழி எல்லாவற்றையும் கடந்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஈ காக்கை இல்லாத குவாரியில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் இண்டிகேட்டர் போட்டு, மூன்று கண்ணாடியையும் பார்த்து, ஹாரன் அடித்துத் திரும்பினாள். பக்கத்தில் கணவர் மேல் கைப்பிடியைப் பிடித்தபடி, "பரவாயில்லையே" என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் சரிவு வந்தது.

பெரிய சரிவு ஒன்றும் இல்லை. இரண்டு மாடி உயரம் இருக்கும். ஆனால் விளிம்பில் வண்டியை நிறுத்தினால் முன்னால் பானெட் தெரியும், வானம் தெரியும், தரை மட்டும் தெரியாது. டாக்டர் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"முதல் கியர்ல போடுங்க. ரெண்டு காலையும் தரையில வச்சுக்கோங்க. கிளட்ச் கூடாது, பிரேக் கூடவே கூடாது. எஞ்சினே வண்டியைப் பிடிச்சுக்கும். பிரேக்கை மிதிச்சா ஜல்லியில வழுக்கும். கொஞ்சம் ஆடும், வலிக்கவே வலிக்காது."

பல் டாக்டர் ஒருவர் வலிக்காது என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு காலையும் தரையில் வைத்தாள். வண்டி மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தது. ஒரு ஆள் நீளம் போனது. இரண்டு ஆள் நீளம் போனது. அவள் மனசு சரி என்றது, அறிவு சரி என்றது. கால் யாரையும் கேட்கவில்லை. பிரேக்கையும் கிளட்சையும் சேர்த்து, தரை வரைக்கும், ஒரே மிதி!

சக்கரங்கள் நான்கும் பூட்டிக்கொண்டன. வண்டி உருளுவதை விட்டுவிட்டுச் சறுக்க ஆரம்பித்தது. பின்பக்கம் ஒரு திசையில் போனது, முன்பக்கம் வேறொரு திசையில் போனது. டாக்டர் மேலேயிருந்து, "காலை எடுங்க! காலை எடுங்க!" என்று விசிலோடு சேர்த்துக் கத்த, அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னும் அழுத்தி மிதித்தாள். அடிவாரத்தில் மலைபோல் குவித்திருந்த மணலுக்குள் வண்டி மெத்தென்று மூக்கை நுழைத்து நின்றது.

டாக்டர் சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தார். "யாருக்கும் ஒண்ணுமில்லையே? கவலைப்படாதீங்க மேடம், இதுக்குன்னே கொட்டி வச்ச மணல்தான். வாரம் ஒருத்தர் வந்துருவாங்க."

அவள் மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணாடி ஒரு காதில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து, வளைவை நிமிர்த்தி, சரியாக மாட்டிக்கொண்டார். கதவைத் திறந்தார். இறங்கி நடந்தார்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே முதுகு, அதே நடை. இங்கே பஸ் ஸ்டாப் ஐந்து கிலோமீட்டர் தள்ளி. இந்த மனுஷன் நடந்தே போய்விடுவார் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அவர் ரோட்டுப் பக்கம் போகவில்லை. சரிவில் ஏறினார். பாதி வழியில் நின்று, குனிந்து, கண்ணாடியில் கீறல் தேடுவதுபோல் ஜல்லியை உற்றுப் பார்த்தார். அப்புறம், "இங்க வா" என்று கையசைத்தார்.

அவள் போனாள்.

"இங்க பாரு. இதுவரைக்கும் டயர் தடம் பூப்பூவாத் தெளிவா விழுந்திருக்கு. சக்கரம் உருண்டிருக்கு. இங்கேருந்து வெறும் கோடு. இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. இந்த இடத்துலதான் நீ மிதிச்சிருக்கே."

"ஆமாம்."

"அதுவரைக்கும் வண்டி நேராத்தான் வந்திருக்கு. எந்தத் தப்பும் பண்ணல. நீ சும்மா விட்டிருந்தா அது பாட்டுக்கு இறங்கியிருக்கும்."

அவர் வண்டியைப் பற்றித்தான் சொன்னார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதனாலேயே அவளுக்குத் தாங்கவில்லை. அந்த ஜல்லியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சும்மா விட எனக்கு வரலைங்க. என்ன பண்ணட்டும்? கால் கேக்க மாட்டேங்குது." மூக்கை உறிஞ்சினாள். "அன்னிக்குக் கடை வாசல்ல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"என்னிக்கு?"

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். நீயா சொல்லிக் கேக்கணும்னுதான்."

"முன்னாடி நின்ன வண்டி உங்களுக்கு நல்லாவே தெரிஞ்சது. நீங்களே பிரேக் போட்டிருப்பீங்க. போடறதுக்குள்ள நான் போட்டுட்டேன். ஒன்பது தடவையும் அப்படித்தான். எல்லார் முன்னாடியும் உங்களைக் கேலி வேற பண்ணினேன். மன்னிச்சிருங்க."

அவர் ஒரு ஜல்லிக்கல்லை எடுத்து விரலால் துடைத்தார். "எட்டு தடவை" என்றார். "ஒரு தடவை நிஜமாவே எனக்குத் தெரியல."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது அந்த யோசனை வந்துவிட்டது. எழுந்து தூசியைத் தட்டிவிட்டு, சாவியை அவர் கையில் வைத்தாள்.

"நீங்க ஓட்டுங்க."

"எனக்கு லைசென்ஸ் இல்லையே."

"இது தனியார் குவாரி, ரோடு இல்ல. டாக்டர் சரின்னா சரிதான்."

"பக்கத்து சீட்ல உனக்குப் பிரேக் கிடையாது."

"அதனாலதான் சொல்றேன்."

டாக்டர் தன் ஜீப்பால் வண்டியை மணலிலிருந்து இழுத்துவிட்டார். சார் ஓட்டப்போகிறார் என்று கேட்டதும் அரை மணி நேரம் சமதரையில் அவரைச் சுற்றவிட்டார். எஞ்சின் ஏழு முறை அணைந்தது. ஏழு முறையும் அவள் வாயைத் திறக்கவில்லை. தன் இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். பிறகு சுற்றுப்பாதை வழியாக மேலே ஏறி விளிம்புக்கு வந்தார்கள்.

"முதல் கியர். ரெண்டு காலும் தரையில" என்றார் டாக்டர்.

கணவர் தலையாட்டினார். முதல் கியர் போட்டார். இரண்டு காலையும் தரையில் வைத்தார். கற்ற பாடத்தை மறக்க வேண்டிய தொல்லை அவருக்கு இல்லை. சொன்னதை அப்படியே செய்தார். வண்டி உறுமிக்கொண்டே அடி மேல் அடி வைத்து இறங்கியது. பக்கத்தில் பிரேக்கம்மா மிதித்த மிதியில் ரப்பர் மேட் சுருண்டு சீட்டுக்கு அடியில் போய்விட்டது. வண்டி அதைச் சட்டையே செய்யவில்லை. ஒரு கல்லில் ஏறி இறங்கும்போது மட்டும் அவர் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினார். கீழே வந்ததும் சமதரையில் நின்றது.

"வந்துட்டோமா?" என்றார்.

"வந்துட்டோம்" என்றாள். இருபத்தோரு வருஷத்தில் முதல்முறையாக ஒரு ஆளை முழுசாக ஓட்ட விட்டிருக்கிறாள்.

அவர் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். "நீ கொஞ்சம் இறங்கேன்."

"ஏங்க? ஏதாவது தப்பாச் செஞ்சேனா? ஒரு வார்த்தை பேசலையே!"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. தனியா ஒரு தடவை போயிட்டு வந்துடறேன்."

அவள் வாய்க்கு ஆயிரம் வார்த்தை வந்தது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு இறங்கினாள். வண்டி சுற்றுப்பாதையில் ஏறி மறைந்தது. மேலே விளிம்பில் எட்டிப் பார்த்தது. கீழே இறங்கி வந்திருந்த டாக்டர் பக்கத்தில் நின்றபடி, அவள் தன் கால் கட்டை விரலை மண்ணில் அழுத்தி அழுத்திக் குழி பறித்தாள். கணவர் இறங்கினார், தன்னந்தனியாக, நேராக. கிட்டே வரும்போது கண்ணாடி வழியே முகம் தெரிந்தது. அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷ சம்சாரத்தில் அவள் பார்க்காத சிரிப்பு.

வண்டி தன் பக்கத்தில் வந்து நிற்கும் என்று நினைத்து ஒரு அடி முன்னால் வைத்தாள். அவர் நிற்கவில்லை. கையை ஆட்டிவிட்டு, மறுபடியும் மேலே போகும் பாதையில் திரும்பிவிட்டார்.

"சார்! சார்! ஒரு ரவுண்டுதானே சொன்னீங்க!" என்று டாக்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

அவள் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"விடுங்க டாக்டர். பதினாறு வருஷமா நான் நிறுத்தி வச்ச வண்டி அது."