இருபத்தேழாவது வளைவில் இரண்டு கற்கள்

பால் ஊற்றுகிறவனுக்கு ஊருக்குள் இருக்கும் ஒரே சொத்து, 'அவன் தண்ணி கலக்க மாட்டான்' என்கிற பேச்சுதான். கொல்லிமலைக்குக் கீழே காரவள்ளியில் பதினெட்டு வருஷம் வீடு வீடாகப் பால் ஊற்றி அந்தப் பேச்சைக் காப்பாற்றி வைத்திருந்தேன். அதை வெளியூர்க்காரர்கள் மூன்று பேர், ஒரு மடக்கு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, பத்து நிமிஷத்தில் பிடுங்கினார்கள். வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் வந்த ஏதோ ஒரு வருஷம். செல்போன் வந்துவிட்டது, ஆனால் மலை ஏறினால் செத்துப்போகும். கோயமுத்தூரிலிருந்து ஒரு கிளப்காரர்கள் வந்து எங்கள் பக்கத்தில் பெரிய பந்தயம் ஒன்று வைத்தார்கள். ஏரியில் இரண்டு கிலோமீட்டர் நீச்சல், அப்புறம் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், அதற்கும் அப்புறம் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். சைக்கிளில் முதலில் சேந்தமங்கலம், பேளுக்குறிச்சி என்று கீழே சுற்றிவிட்டு, கடைசியில் காரவள்ளியிலிருந்து எழுபது வளைவும் ஏற வேண்டும். மலை மேல் செம்மேட்டில் ஓட்டம் முடியும். காலை ஆறு மணிக்குத் தொடங்கி சாயங்காலம் நாலு மணிக்குள் முடிக்கிற அத்தனை பேருக்கும் பதக்கம். அவர்கள் பெயரை எல்லாம் மலை அடிவாரத்தில், அதாவது எங்கள் ஊரில், ஒரு போர்டில் எழுதி நிறுத்துவார்களாம்.

உள்ளூர் ஆள் ஒருவராவது கலந்துகொண்டால்தான் ரோட்டை மறிக்க விடுவோம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் நான் உள்ளே போனேன். எனக்குக் கிடைத்த நம்பர் ஐம்பத்தெட்டு. மொத்தமே ஐம்பத்தெட்டுப் பேர்தான்.

கயிறு கட்டி இரண்டு வரிசை நிறுத்தினார்கள். முன்வரிசையில் இருந்தவர்களுக்குப் பெயர் 'எலீட்'. அப்படின்னா என்னங்க என்று கேட்டேன். "நல்லா பண்றவங்க" என்றான் நம்பர் ஒட்டியவன். இன்னும் யாரும் ஒன்றும் பண்ணவே இல்லையே, அதற்குள் எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் சைக்கிளை ஒற்றை விரலால் தூக்கினார்கள். என் சைக்கிளைத் தூக்க ஆள் வேண்டும். கேன் மாட்டும் கம்பியைக் கழற்றிவிட்டேன், கேரியர் துருவேறி ஒட்டிக்கொண்டுவிட்டது, வரவில்லை. முன்வரிசையில் சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் அந்தக் கேரியரைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் இங்கிலீஷில் என்னமோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, சிரிப்பு தெரியும்.

நீச்சலில் நானே சிரிக்கிற மாதிரி ஒரு கூத்து நடந்தது. நான் கிணற்றில் நீந்திப் பழகியவன். வட்டக் கிணற்றில் சுவரை ஒட்டி இடது கைப்பக்கம் சுற்றிச் சுற்றி நீந்தியே உடம்பு வளைந்துவிட்டது போலிருக்கிறது. ஏரியில் நேராகத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு கரைப்பக்கமே வந்து சேர்ந்தேன். பரிசல்காரர் விசில் ஊதி ஊதித் திருப்பிவிட்டார். கடைசி ஆளாகத்தான் கரை ஏறினேன். பரவாயில்லை, கீழ்ச்சுற்றிலேயே பதினைந்து பேரைத் தாண்டிவிட்டேன். இரண்டு பக்கமும் பால் கேன் தொங்காமல் சைக்கிள் மிதிப்பது எனக்கெல்லாம் ஒரு வேலையா?

மலையில்தான் வந்தது வினை. இருபத்தேழாவது வளைவில் அந்தக் கிளப்பின் டெம்போ வேனே நின்றுகொண்டிருந்தது. பந்தல் கம்பி, நாற்காலி, பதக்கப் பெட்டி எல்லாம் அதில்தான். வளைவில் என்ஜின் சூடேறி நின்றுபோய், வண்டி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நழுவிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் சேந்தமங்கலத்து ஆள், வாடகைக்கு வந்தவர். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி பள்ளத்தில் போய்விடும், இறங்க முடியாது. எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாம் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஏற்றத்தில் வண்டி நின்றால் அந்தப் பக்கம் போகிறவன் எவனாக இருந்தாலும் இறங்கி, பின்சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். வண்டி கிளம்பும்போது பின்னால் நின்று தள்ள வேண்டும். தள்ளுவது பெயருக்குத்தான், பின்னால் ஒரு ஆள் இருக்கிறான் என்று டிரைவருக்கு ஒரு தைரியம். கிளம்பியதும் அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டு நகர வேண்டும். கல்லை ரோட்டில் விட்டுவிட்டுப் போகிறவனை இங்கே மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். அடுத்த வண்டிக்கு அதுதான் எமன்.

சைக்கிளைச் சாய்த்துவிட்டு இரண்டு கல் வைத்தேன். ஓடையில் தண்ணீர் மொண்டு வந்து ரேடியேட்டரில் ஊற்றினேன். இருபது நிமிஷம் போனது. நான் தாண்டி வந்தவர்கள் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். வண்டி உறுமிக் கிளம்பியபோது நான் இரண்டு கையும் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். அப்போது பின்னால் வந்தவர் சிவப்புச் சட்டைக்காரர். வழியில் சங்கிலி அறுந்து தாமதமாகியிருக்கிறது. "சைடு, சைடு" என்று கத்திக்கொண்டே என்னை உரசிக்கொண்டு போனார். என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

வேன் போனதும் மணி பார்த்தேன். பதறிவிட்டது. சைக்கிளை எடுத்து ஏறி மிதித்தேன். பிறந்ததிலிருந்து செய்யாத தப்பை அன்றைக்குச் செய்தேன். கற்களை எடுக்காமல் வந்துவிட்டேன்.

நாலு மணிக்குப் பதினொரு நிமிஷம் இருக்கும்போது செம்மேட்டில் முடிவுக் கோட்டைத் தொட்டேன். பஸ்ஸில் முன்னாடியே வந்திருந்த என் வீட்டுக்காரி கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள். நானும் அழுதிருப்பேன், அதற்குள் நடுவர்கள் மேசைக்குக் கூப்பிட்டார்கள்.

"ஏம்பா, வண்டியப் பிடிச்சுட்டு மலை ஏறினியாமே?" என்றார் நடுவில் உட்கார்ந்திருந்த பெரிய மனுஷர். எனக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. அவரும் என் வயதுதான் இருப்பார். ஏம்பாவாம்.

நடந்ததைச் சொன்னேன். வேன் டிரைவரும் ஓடி வந்து, "இல்லீங்க, அண்ணன் இல்லீன்னா வண்டி பள்ளத்துல கெடந்துருக்குமுங்க. நானும் போய்ச் சேர்ந்துருப்பனுங்க" என்றார். "நீங்க ரெண்டு பேரும் ஒரே பக்கத்து ஆளுங்க" என்று அவரை ஓரம் கட்டிவிட்டார்கள். சிவப்புச் சட்டைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "வண்டியின் பின்னால் இவருடைய கை இருந்ததைப் பார்த்தேன்" என்றார். சைக்கிள் மேல் இருந்தாரா, கீழே நின்றாரா என்று டிரைவர் கேட்டார். "கவனிக்கவில்லை" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. தண்ணீர் கலந்த பாலும் வெள்ளையாகத்தான் இருக்கும்.

பெரிய மனுஷர் எனக்குப் புத்தி சொன்னார். "இது திருவிழா ஓட்டப்பந்தயம் இல்லப்பா. இந்தப் பதக்கத்துக்காக வருஷக்கணக்கா பயிற்சி எடுக்கிறாங்க. வந்தவங்களுக்கெல்லாம் கொடுத்தா அதுக்கு மதிப்பு இருக்காது." பதினெட்டு வருஷமாக விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மிதிப்பதற்கு அவர் அகராதியில் பயிற்சி என்று பெயர் இல்லை. "வேணும்னா உதவி செஞ்சவங்களுக்குக் கொடுக்கிற பனியன் ஒண்ணு வாங்கிக்க" என்றும் சொன்னார்.

"பனியன் இருக்கட்டுமுங்க. கல்லு ரெண்டும் அங்கயே கெடக்குது. வந்து பாருங்க" என்றேன். வண்டியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவன் எதற்குச் சக்கரத்துக்குக் கல் வைக்கப் போகிறான்? இது அவர்களுக்கே உறைத்திருக்க வேண்டும். தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். "சரி, இறங்கும்போது பார்க்கிறோம். கல் இருந்தால் யோசிக்கலாம்" என்றார்கள்.

டிரைவர் என்னையும் வீட்டுக்காரியையும் சைக்கிளையும் வேனில் ஏற்றி இருபத்தேழாவது வளைவில் இறக்கிவிட்டுப் போனார். அவருக்குக் கீழே வேலை இருந்தது. கற்கள் வைத்த இடத்திலேயே கிடந்தன, ஒவ்வொன்றும் தேங்காயை விடப் பெரியது. அவற்றைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ரோட்டில் கல் கிடப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட காரவள்ளிக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பக்கத்திலேயே காவல் நின்றோம். பந்தயக்காரர்களின் கார்கள் ஒவ்வொன்றாக இறங்கின. சிவப்புச் சட்டைக்காரரின் காரும் போனது. எல்லோரும் கல்லைப் பார்த்தார்கள், ஸ்டியரிங்கை ஒடித்துச் சுற்றிக்கொண்டு போனார்கள். மேசைக்காரர்களின் காரை மட்டும் காணோம்.

வெளிச்சம் மங்கும் நேரம், மேலே ஹாரன் சத்தம் கேட்டது. ரோட்டைத் திறந்துவிட்டார்கள், முதல் பஸ் இறங்குகிறது. அந்த வளைவில் பஸ் திரும்ப மொத்த ரோடும் வேண்டும். நான் நடுவில் நின்று கையைக் காட்டினால் நிறுத்துவாரா? இறக்கத்தில், பாரத்தோடு வருகிற பஸ்ஸை நம்பி எப்படி நிற்பது? இரண்டு வளைவுக்கு மேலே மறுபடியும் ஹாரன் அடித்தது. ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே இரண்டு கற்களையும் தூக்கி மலைப்பக்கத்து ஓரப் பள்ளத்தில் போட்டேன். பஸ் திரும்பிப் போனது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை எங்களுக்கு டாட்டா காட்டியது.

வீட்டுக்காரி பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, மறுபடி அங்கயே வெச்சுப்போடலாமுங்க. இருந்த கல்லுதானுங்க. நாம ஒண்ணும் புதுசா செய்யலியே" என்றாள்.

குனிந்து ஒரு கல்லைத் தொட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொட்ட கையை எடுத்துக்கொண்டு அவள் மேல் பாய்ந்தேன். "அப்பறம் அவிய சொன்னது நெசமாப் போயிருமடி! திருட்டுப்பயன்னு சொன்னாங்கல்ல, அதுக்குச் சரியாப் போயிரும்" என்று கத்தினேன். பாவம், அவள் என்ன செய்வாள்? அவளைத் தவிர அங்கே கத்துவதற்கு வேறு ஆள் இல்லை.

அவர்களுடைய கார் வந்தது. நிறுத்தினார்கள், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கண்ணாடி பாதி இறங்கியது.

"எங்கப்பா கல்லு?"

"பஸ் வந்துச்சுங்க. எடுத்துட்டனுங்க. அதா, பள்ளத்துல."

பெரிய மனுஷர் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். கொல்லிமலையில் பள்ளத்தில் கல்லுக்கா பஞ்சம்? நூறு கல் கிடந்தது. அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். கண்ணாடி மேலே ஏறியது.

இருபத்தேழு வளைவும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினோம். மறுநாள் பால் ஊற்றப் போன மூன்றாவது வீட்டிலேயே, "வண்டியப் புடிச்சுக்கிட்டு ஏறுனீங்களாமா?" என்று கேட்டாள் ஒருத்தி, சிரித்துக்கொண்டே. கேட்டுவிட்டுச் சொம்பில் இருந்த பாலைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். வேண்டுமென்று பார்க்கவில்லை என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

ஒரு மாதத்தில் போர்டு வந்துவிட்டது. முப்பத்தொரு பெயர்கள், மேலே 'எலீட்' தனியாக, கீழே மற்றவர்கள். தினமும் அதைத் தாண்டித்தான் பால் கொண்டு போனேன். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி அத்தனை பெயரையும் படித்துவிட்டேன். என் பெயர் இல்லாதது கூட ஆறிப்போயிருக்கும். ஆறாதது வேறொன்று. அந்த முப்பத்தொரு பேரும் அன்றைக்கு இருபத்தேழாவது வளைவைத் தாண்டித்தான் இறங்கினார்கள். ரோட்டில் கிடந்த கல்லைப் பார்த்து ஒருவர், ஒரே ஒருவர், வண்டியை நிறுத்தி இறங்கி எடுக்க வந்திருந்தால், 'வேண்டாமுங்க, எனக்குச் சாட்சி அதுதான்' என்று நான் தடுத்திருப்பேன். தடுக்க வேண்டிய தேவையே வரவில்லை.