சாவு வீட்டில் சொல்லிக்கொள்வது

தொழிற்சாலையில் அவளுக்கு சைரன் என்று பெயர். அறுபது தையல் மெஷின்கள் ஓடும் கூடத்தில், ஒரு கோடியில் நின்றபடியே மறுகோடியில் காலர் கோணலாகப் போவதைச் சொல்லித் திருத்தக்கூடிய குரல். பதினெட்டு வயதில் பிசிறு வெட்டச் சேர்ந்தவள், நாற்பத்தைந்தில் லைன் சூப்பர்வைசர். கம்பெனி வெளிநாட்டில் ஒரு கூடம் திறந்தபோது, அங்கே முப்பது பெண்களுக்குச் சட்டை தைக்கக் கற்றுக்கொடுக்க அவளை மூன்று மாதத்துக்கு அனுப்பினார்கள்.

தன்னால் அங்கே யாரும் முகம் சுளிக்கக் கூடாது என்று விமானம் ஏறும் முன்பே முடிவு செய்திருந்தாள். முதல் வாரம் முழுக்கப் பார்த்தாள். பஸ்ஸில் யாரும் போனில் பேசவில்லை, அவளும் பேசவில்லை. யாரும் விரலை நீட்டி எதையும் காட்டவில்லை. அவளும் உள்ளங்கையால் காட்டப் பழகினாள். தவறைச் சத்தமாகச் சொன்னால் அங்கே அவமானம். ஆகவே ஒவ்வொரு மெஷினுக்கும் நடந்துபோய், குனிந்து, கற்றுக்கொண்ட இருபது சொற்களில் காதருகே சொன்னாள். ஒரு நாளில் எத்தனை நடை என்பது அவள் கணுக்காலுக்குத்தான் தெரியும்.

"சைரனை மியூட்ல போட்டுட்டாங்களா?" என்று கணவர் போனில் கேட்டார்.

"இங்க அப்படித்தான்."

"அந்தப் பழக்கத்தை அப்படியே பார்சல் கட்டி எடுத்துட்டு வா."

எல்லாம் சரியாகப் போனது, லைன்காரம்மாவின் தாயார் இறக்கும்வரை. லைன்காரம்மா அந்த ஊர்க்காரி. சைரன் கிளம்பிய பிறகு லைனை நடத்தப் போகிறவள். அதிகம் பேசமாட்டாள், காலர் பொருத்துவதை மூன்றே நாளில் பிடித்துக்கொண்டாள்.

சைரன் துக்கத்துக்குப் போனாள். மற்றவர்கள் செருப்பைக் கழற்றிய இடத்தில் கழற்றினாள். சுவரோரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், தலையைக்கூட அசைக்காமல், எழுந்து வந்தாள். அறைக்கு வந்து தலைக்குக் குளித்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை என்றுதான் நினைத்தாள்.

மூன்றாம் நாள் லைன்காரம்மா வேலைக்கு வந்தாள். சைரன் நீட்டிய காலரைக் கையில் வாங்கவில்லை. மேஜையில் வைக்கும்வரை காத்திருந்து எடுத்துக்கொண்டாள். மற்ற பெண்களும் அப்படியே. யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்காமல் தைத்ததில் அன்று நாற்பது சட்டைகளுக்குக் காலர் முனை ஏறி இறங்கியிருந்தது. மறுநாள் ஐம்பது. அவள் ஊர் திரும்ப இன்னும் பன்னிரண்டு நாள்.

ஸ்டோர்கீப்பர் தமிழர், இருபது வருடமாக அங்கேயே இருப்பவர். நூல்கண்டு வாங்கும் சாக்கில் அவரிடம் போய்க் கேட்டாள்.

"சாவு வீட்டுல சொல்லிக்காம வந்துட்டீங்களாமே அக்கா."

"சாவு வீட்டுல எவளாவது சொல்லிட்டு வருவாளா?"

"இங்க சொல்லணும். ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டுச் சொல்லணும். சொல்லாம போனா, இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு அர்த்தம்."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?"

"நீங்கதான் எல்லாத்தையும் பார்த்தே கத்துக்கிற ஆளாச்சே. நான் எதுக்கு நடுவுலன்னு இருந்துட்டேன்."

சைரன் நூல்கண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சரி. இப்பப் போய்ச் சொல்றேன். என்ன சொல்லணும்?"

அவர் தயங்கினார். "திரும்ப வரேன்னு சொல்லணும்."

அவள் நூல்கண்டை மேஜையில் வைத்துவிட்டாள்.

பதினோரு வருடங்களுக்கு முன், அவளுடைய அப்பா இறந்த வீட்டில், பக்கத்து வீட்டுக்காரர் வாய் தவறி "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏழு மாதத்தில் தம்பி போனான். அவர் வந்தார். அப்பா சாவுக்கு உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் உட்கார்ந்தார். அவரோடு அவள் இன்றுவரை பேசுவதில்லை.

அன்று மாலை கணவரிடம் சொன்னாள்.

"உனக்கென்ன பைத்தியமா? அந்த வார்த்தை உன் வாயில வரலாமா? பக்கத்து வீட்டுக்காரரை நீ இன்னும் மன்னிக்கல."

"அவரு நம்ம ஊர்ல சொன்னாரு."

"ஊர் மாறினா எல்லாம் மாறிடுமா? பன்னெண்டு நாள்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிட்டு வா."

"அந்தம்மா அம்மாவைப் பறிகொடுத்துட்டு நிக்கிறாங்க. நான் போய், இனிமே வரமாட்டேன்னுட்டு வந்திருக்கேன். பல்லைக் கடிக்கிறது நானில்ல, அவங்க."

"நீ சொல்லி, அங்க யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆகாது" என்று போனை வைத்தாள். அவளுக்குள்ளும் அதே கேள்விதான் இருந்தது.

ஸ்டோர்கீப்பர் தானே கூட வந்து சொல்லிவிடுவதாகச் சொன்னார். "பாவம் எனக்கே வரட்டும் அக்கா. அடுத்த வாரம் ஸ்டாக் செக்கிங், அதைவிடப் பெருசா என்ன வந்துடப்போகுது?"

"தப்பு செஞ்சது என் காலு. வாய் மட்டும் உங்களதா? அவங்க பேச்சுல எப்படிச் சொல்றதுன்னு சொல்லிக் குடுங்க."

"அதுவும் நல்லதுதான். நம்ம பேச்சுல சொன்னாத்தானே தோஷம்? அதுல சொன்னா நமக்கு வெறும் சத்தம்."

"வெறும் சத்தத்தை அவங்க எதுக்கு வாங்கிக்கணும்?" என்றாள் சைரன்.

நான்கு சொற்கள். மெஷினுக்கு மெஷின் நடக்கும்போதெல்லாம், அர்த்தத்தோடு, வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போனாள். லைன்காரம்மா கதவைத் திறந்தாள். உள்ளே நடந்தாள். இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல், சுவரில் காலண்டர். தாயாரின் கட்டில் கிடந்த இடத்தில் தரை மட்டும் நிறம் மாறித் தெரிந்தது. அரை மணி நேரம் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

சைரன் எழுந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்தாள். ஊசி பட்டுக் காய்த்த விரல் நுனிகள், தன்னுடையவை போலவே. மூன்று சொற்கள் வந்தன. நான்காவது வரவில்லை. தம்பியின் முகம். அந்த பெஞ்ச். அவள் கையை விடவில்லை. சொன்னாள். அறுபது மெஷின்களுக்கு மேலே கேட்கிற குரலில் வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள்.

லைன்காரம்மா அவளையே பார்த்தாள். பிறகு ஒரு சொல் கேட்டாள். சட்டை எப்போது முடியும் என்று கூடத்தில் தினமும் கேட்கிற சொல்.

"எப்போ?"

ஸ்டோர்கீப்பர் இதைச் சொல்லித் தரவில்லை. சைரன் காலண்டர் அருகே போனாள். விரலை நீட்டாமல் உள்ளங்கையை வைத்தாள். புதன், வியாழன், வெள்ளி மூன்றும் மறைந்தன. லைன்காரம்மா அந்தக் கையை எடுத்து, சுட்டுவிரலை மட்டும் பிரித்து, வியாழன்மேல் வைத்தாள்.

போன் மணியடித்த உடனே கணவர் எடுத்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"வியாழக்கிழமை போகணும்."