முதல் பக்கத்தில் எங்கள் மண்டபம்

திண்டிவனத்தில் எங்களுக்கு ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அதற்கு வெப்சைட் போட்டுக் கொடுத்த விழுப்புரத்து ஆள், "நெட்டுல தேடினா மொதப் பக்கத்துல வரணும்னா தெனமும் புதுசா எதுனா ஏறிக்கினே இருக்கணும் மேடம்" என்றான். திண்டிவனம் என்ற பேர் வரும் செய்தியெல்லாம் ஃபீடு வழியாகத் தானாகவே எங்கள் சைட்டில் வந்து விழும்படி செய்தான். சொன்னபடியே முதல் பக்கத்துக்கு வந்துவிட்டோம்.

ஒருநாள் ஒலக்கூரிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார்.

"உங்க மண்டபத்துப் படத்துக்குக் கீழ எம் புள்ள செத்த நியூஸு இருக்குதுங்க. அத எடுத்துடுங்கம்மா."

திறந்து பார்த்தேன். மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி சிரிக்கிறது. அதன் கீழே, பைபாஸில் லாரி மோதி வாலிபர் பலி. அதற்கும் கீழே இன்னொரு விபத்து. எங்கள் ஊர் பேர் செய்தியில் அடிபடுவதே பெரும்பாலும் இதற்குத்தானே!

உடனே அந்த வெப்சைட்காரனைப் போனில் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன்.

"ஐயோ, எடுக்காதீங்க மேடம். அந்தப் பேஜுக்குத்தான் ஆளுங்க நெறைய வர்றாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சாவுக்கு வந்த கூட்டத்தைக் காட்டியாடா என் மண்டபத்துக்கு ஆள் புடிக்கிற? ஜல்தியா எடுடா!" என்று கத்தினேன்.

எல்லாச் செய்தியையும் எடுத்தான். மண்டபம் எங்கோ கடைசிப் பக்கத்துக்குப் போனது. போகட்டும்.

அந்த அம்மா மறுபடியும் போன் செய்து, "ரொம்ப தேங்க்ஸுங்கம்மா" என்றார். என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.