மழைக்கு மூடும் கதவு

திருமலைக்கு ஏழு வருஷமாகக் காக்கிச் சட்டைதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் காக்கி, நிரந்தரமானவர்களுக்கு நீலம். எளாவூர் செக்போஸ்ட்டில் மூட்டை தூக்கியவரின் மகன். ஐ.டி.ஐ. முடித்து எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்தவன். 2008 விஜயதசமி காலையில் அவனுக்கு நிரந்தர ஆர்டர் கொடுப்பதாக இருந்தது. டைப் அடித்த கடிதத்தை நானே பார்த்தேன். "சட்டைக்கு அளவு குட்த்துட்டியா? தொளதொளன்னு தெச்சிடப் போறானுங்க" என்று அவன் மனைவி சந்திரகலா ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தாளாம்.

நான் பாதுகாப்புப் பிரிவில் சின்ன அதிகாரி. ஆங்கிலமும் தமிழும் எழுத வரும் என்பதால், மெஷின்களோடு வரும் கையேடுகளைத் தமிழ்ப் பலகையாக்கி மாட்டுவது என் வேலை. கூரைக்குப் போகும் மோட்டார் கதவுக்கும் நான்தான் எழுதினேன். இரும்பு ஏணியின் உச்சியில், கூரையோடு படுத்திருக்கும் கதவு அது. பட்டனை அழுத்தினால் எழும்பும். மழைத்துளி பட்டால் தானே மூடிக்கொள்ளும். கரண்ட் போனால், பக்கத்து ஆணியில் தொங்கும் கைப்பிடியைச் செருகி நாற்பது சுற்று சுற்ற வேண்டும். அதற்கு முன் ஏணியடியில் இருக்கும் சிவப்பு சுவிட்சை அணைத்தாக வேண்டும். இல்லையென்றால் கரண்ட் திரும்பியதும் மோட்டார் கைப்பிடியையும் சேர்த்துச் சுற்றும். கைப்பிடி அந்த ஆணியை விட்டு எங்கும் போகக் கூடாது. புது ஆட்களுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது திருமலை.

ஆயுத பூசையன்று அந்தக் கைப்பிடியைக் கழற்றியதும் அவன்தான். கழுவி, சந்தனம் பூசி, ஸ்டோரில் ஸ்பேனர்களோடு சாமி முன்னால் வைத்தான்.

"அது அங்கேயே இருக்கணுமே திருமலை."

"ஒரு நாளு சார். எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிட்டு அத்த மட்டும் வுட்டா நல்லாவா இருக்கும்? ஏழு வருஷமா சோறு போட்டுது."

நான் பொரியை வாயில் போட்டுக்கொண்டேன். பூசையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக் கூடாது என்று சூப்பர்வைசர் பாக்கியராஜ் ஸ்டோரைப் பூட்டினார்.

மதியம் எங்கள் சிலரைத் தவிர எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்ததும், கூரையில் தண்ணீர் போகும் வாயை அடைத்திருந்த சருகை வாரச் சொல்லி, துப்புரவு வேலை செய்யும் கன்னியம்மாவை பாக்கியராஜ் மேலே அனுப்பினார். கூரையேற பர்மிட் எழுத வேண்டும், துணைக்கு ஒரு ஆள் வேண்டும். இரண்டும் இல்லை. அவள் ஏறிய சற்று நேரத்தில் மழை பிடித்தது. கதவு மூடிக்கொண்டது. அடுத்த இடிக்குக் கரண்டும் போனது.

துடைப்பக் கட்டையால் கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத்தான் நானும் திருமலையும் ஓடினோம்.

"கன்னிம்மா! நிக்காத, குந்திக்கோ! மின்னுது பாரு!"

"எங்கண்ணா குந்துறது, ஏரி மாதிரி கீது!" மேலிருந்து அவள் கத்தினாள். "மழ வந்தா மூடிக்கும், மனுசி கத்துனா தொறக்காது. நல்ல கதவா பாத்து வாங்கிக்கினு வந்தீங்க!"

பின்னாலேயே வந்த பாக்கியராஜிடம் திருமலை கை நீட்டினான். "சாவி குடு சார்."

"சாமிக்கு வெச்சதுப்பா..."

"சாமியாண்ட நான் சொல்லிக்கிறேன். நீ குடு."

சந்தனம் வழுக்கும் கைப்பிடியோடு ஏறினான். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிவப்பு சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. கரண்ட்தான் இல்லையே என்று அவன் நினைத்தானோ என்னவோ. நான் அப்படித்தான் நினைத்தேன்.

கதவு ஒரு முழம் எழும்பியது. இருபத்தைந்தோ முப்பதோ சுற்று ஆகியிருக்கும். கன்னியம்மாவின் விரல்கள் விளிம்பைப் பற்றின. அப்போது விளக்கெல்லாம் எரிந்தது. மழை பெய்துகொண்டிருந்ததால் மோட்டார் கதவை மூடத்தான் இழுத்தது. கைப்பிடி பின்பக்கமாகச் சுழன்று, அவன் வலது மணிக்கட்டை ஏணிக் கம்பியோடு வைத்து நெரித்து, அங்கேயே சிக்கி நின்றது. கைப்பிடியை விட்டிருக்க முடியுமா, விடவில்லையா என்று பிறகு கேட்டபோது அவனுக்கே தெரியவில்லை. கதவும் நின்றது. நான் சுவிட்சை அணைத்தேன். கன்னியம்மா அந்த இடுக்கில் நுழைந்து, அவன் தோளை மிதித்து இறங்கினாள். அவள் விரல் ஒன்றுக்கும் எதுவும் ஆகவில்லை.

விஜயதசமியன்று ஆர்டர்கள் கொடுத்தார்கள். திருமலை ஆஸ்பத்திரியில் இருந்தான். கடிதம் மேனேஜர் மேசையிலேயே இருப்பதாகவும், விசாரணை முடியட்டும் என்றும் சொன்னார்கள்.

விசாரணையில் கன்னியம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் மேல ஏறவே இல்ல சார். பூசை முடிஞ்சதுமே ஊட்டுக்குப் பூட்டேன்." பாக்கியராஜ் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பர்மிட் இல்லாமல் ஏற்றினார் என்று வந்தால் அவர் வேலை போகும். ஏறினேன் என்று சொன்னால் அவள் வேலை போகும். அவள் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதியவன் நான். ஷார்ஜா வேலைக்கு அனுபவச் சான்றிதழ் கேட்டு அந்த வாரம்தான் மனு கொடுத்திருந்தேன். யார் மேலே இருந்தார்கள் என்று என்னை யாரும் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. கூரையில் ஆளே இல்லை என்றாகிவிட்டது. அப்படியென்றால் விடுமுறை நாளில் ஒருவன், காரணமே இல்லாமல், பூசையில் வைத்ததை எடுத்து, விதியை மீறிக் கதவைச் சுற்றியிருக்கிறான்.

பத்தாம் நாள், விசாரணை அறிக்கையில் கையெழுத்துப் போட, கையில் கட்டோடு வந்தான். "இன்னா எழுதிக்கீறே, தமிழ்ல சொல்லு சார்."

சொன்னேன்.

"கன்னிம்மா பேரு எங்கயும் இல்லயே?"

"இல்லை."

"வுடு. அவ புருசன் பட்த்த படுக்கை. அவளயும் தொரத்திட்டா இன்னா பண்ணுவா." இடது கையால் காகிதத்தைப் புரட்டினான். "ஆர்டரு?"

பாக்கியராஜ் மை டப்பாவைத் திறந்து நகர்த்தினார்.

"எனக்குக் கையெழுத்து வரும் சார்" என்றான் திருமலை. சொல்லிவிட்டுக் கட்டைப் பார்த்தான். விரல்கள் அசையவில்லை. இனி அசையாது என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

இடது கட்டைவிரலை நீட்டினான். ரேகை சரியாக விழவில்லை என்று பாக்கியராஜ் இன்னொரு முறை வைக்கச் சொன்னார். வைத்தான்.