பதினோரு நாள் பிந்திய மாத்திரை

சட்டைத் தொழிற்சாலையின் மருந்தறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே வந்துபோனவர்களில் ஒருவர் காலர் அக்கா. இரண்டாம் கூடத்தில் ஏழாவது தையல் இயந்திரம் அவருடையது. ஒரு நாளைக்கு முந்நூற்று நாற்பது காலர். மேற்பார்வையாளர் குறை தேடினால், "கண்ணாடி போட்டுத் தேடுங்க சார், அப்பவும் கிடைக்காது" என்பார்.

முதல் முறை கர்ப்பம் உறுதியான அன்றே ஃபோலிக் அமில மாத்திரைக்கு வந்து நின்றார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஒவ்வோர் அட்டைக்கும் பதிவேட்டில் அவர் கையெழுத்து இருக்கிறது. குழந்தை முதுகுத்தண்டு மூடாமல் பிறந்தது. ஒன்பது நாள் உயிரோடு இருந்தது.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியவரிடம், வியாழக்கிழமை வரும் டாக்டரம்மா கேட்டார்: "மாத்திரை எப்ப ஆரம்பிச்சே?"

"தெரிஞ்ச அன்னிக்கே டாக்டர். சந்தேகம்னா இவரையே கேளுங்க."

பதிவேட்டைத் திறந்தேன். கடைசி மாதவிலக்கிலிருந்து ஐம்பத்து மூன்றாம் நாள். டாக்டரம்மா விரல்விட்டு எண்ணினார்.

"கரு உண்டாகி முப்பத்தொன்பது நாள் ஆயிருக்கு. முதுகு இருபத்தெட்டு நாளுக்குள்ள மூடியாகணும்மா. பதினோரு நாள் பிந்திடுச்சு."

"அப்ப நான் தின்னது?"

"ரத்தத்துக்கு உதவும். முதுகுக்கு நேரம் போயிடுச்சு. இதை உண்டாகறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே தொடங்கணும். உன்கிட்ட யாரும் சொல்லல. உன் தப்பு இல்ல."

காலர் அக்கா இயந்திரத்துக்குத் திரும்பிப் போனார். அன்று பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். நூற்றுப் பதினெட்டுப் பெண்கள். அத்தனை பேரும் உண்டானது தெரிந்த பிறகு வந்தவர்கள். தேதியில் ஒரு பிழையும் இல்லை. முன்கூட்டியே வாருங்கள் என்று ஒருத்தியிடமும் நான் சொன்னதில்லை.

ஒரு முறை இப்படி ஆனவர்களுக்குக் கூடுதல் அளவு வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். அடுத்த கர்ப்பத்துக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கச் சொன்னார். தொடங்கிய பத்தொன்பதாம் நாள், காலர் அக்காவின் மாமியார் மருந்தறை ஜன்னலில் வந்து இடி மாதிரி இறங்கினார். பின்னாலேயே மருமகள் ஓடிவந்தார்.

"ஏன்யா, வயசுக்கேத்த புத்தி வேணாமா? புள்ளை உண்டாகாம இருக்க மாத்திரை குடுத்து எங்க வம்சத்தையே அறுக்குறியா? அம்புட்டையும் சாக்கடையில கொட்டிட்டேன்!"

"அத்தை, அது தடுக்குற மாத்திரை இல்ல."

"நீ சும்மா இரு. வயித்துல ஒண்ணும் இல்லாதவளுக்கு மாத்திரை எதுக்கு?"

நான் சொன்னேன்: "அம்மா, வயித்துல இருக்குன்னு நமக்குத் தெரியறதுக்குள்ள பிள்ளைக்கு முதுகு மூடிடும். போன தடவை மாத்திரை பிந்திடுச்சு. இவங்க மேல குத்தம் இல்ல."

அந்த அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டார். குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

"மாத்திரையா? இவ செஞ்ச பாவம்னு சொன்னேனே... அந்த ஒம்பது நாளும் இவ மூஞ்சிக்கு நேராவே சொன்னேனேய்யா."

மருமகள் தரையைப் பார்த்தபடி நின்றார். யாரும் யாரையும் தேற்றவில்லை. புதிய அட்டையை எடுத்து வைத்தேன். மாமியாரே வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். மறுநாள் முதல் காலையில் தண்ணீர்ச் செம்போடு அவரே எதிரில் நின்று கொடுத்தாராம். "போலீஸ் மாதிரி நிக்கிறாங்க சார்" என்றார் காலர் அக்கா.

ஐந்து மாதம் கழித்துக் கர்ப்பம் தரித்தது. மாத்திரை ஆபத்தைப் பெருமளவு குறைக்குமே தவிர, முழு உத்தரவாதம் இல்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் இருபதாம் வார ஸ்கேன் வரை நாங்கள் மூவருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

அன்று பகல் பதினொன்றே காலுக்கு இருவரும் வந்தார்கள். ஸ்கேன் தாள் மாமியார் கையில் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது.

"இவ படிச்சுச் சொல்லிட்டா. என்னால நம்ப முடியல. எந்த வரின்னு நீ காட்டு."

காட்டினேன்: முதுகுத்தண்டு முழுவதும் மூடியிருக்கிறது.

அவர் அந்த வரியின் மேல் விரலை வைத்தார். எடுக்கவே இல்லை.