திறந்து பார்த்த பெண்மணி

படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறியபோது பக்கத்தில் அந்தப் பெண்மணி. நெற்றி நிறைய விபூதி, மடியில் லேப்டாப். புரோகிராமர்கள் தாங்கள் எழுதும் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளத்தின் மென்பொருளை, எந்தக் கணினியிலும் ஓடும் பொட்டலமாகக் கட்டி வெளியிடுவது அவர் வேலையாம். அன்று, திருடர் நுழையக்கூடிய ஓர் ஓட்டையை அடைத்த பதிப்பு போகவேண்டும்.

“டெஸ்ட் எல்லாம் பாஸ், வுட்டுடுக்கா,” என்றது போனில் ஆபீஸ் பையன் ஒருவனின் குரல்.

“இரு, தொறந்து பாத்துட்டுத்தான் வுடுவேன்.” எப்போதும் அப்படித்தானாம். திறந்தார். “இன்னாப்பா, மேல வெர்ஷன் நம்பர்தான் புதுசு, உள்ள ஓட்டை அப்படியே கீது. மிஷின் நேத்து கட்டுனதையே எடுத்துப் போட்டுக்கீது.”

பழையதையெல்லாம் அழித்து முதலிலிருந்து கட்டவைத்தார். ஒரகடம் வருவதற்குள் மறுபடி திறந்தார். ஓட்டை இல்லை. வெளியிட்டார்.

“இப்ப அந்தத் திருடன வரச்சொல்லு பாக்கலாம்,” என்று சிரித்தபடி இறங்கி நடந்தார், தேரை நிலைக்குக் கொண்டுவந்தவரைப் போல. ஆட்டோவில் ஆறு பேர் இருந்தோம். கைதட்டியிருக்கலாம்.